பனையோலை நடுங்காமல் ஆட: அனிமேஷனுக்கு நொய்ஸ் வளையி செய்வது எப்படி

கேள்வி இதுதான். கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்று செய்கிறார். குளக்கட்டில் ஓர் அம்மம்மா குளத்துக்கு முதுகு காட்டி, வயலைப் பார்த்தபடி இருக்கிறா. கட்டின் அடியில் பனைகள், அதற்கப்பால் நெல்வயல். பொழுதுபட்ட பிறகு வீட்டில் ஒரு குப்பி விளக்கு. ஓலைகளுக்கு எழுமாற்று (ரேண்டம்) எண்களைக் கீஃபிரேமாக (இந்த ஃபிரேமில் இந்த நிலை என்று குறித்து வைப்பது) போட்டால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குகிறது. சைன் வளையி (அலை போல ஒரே சீராக ஏறி இறங்கும் கோடு) போட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. இயல்பாக ஆட வைக்க என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, எழுமாற்று எண்ணுக்குப் போன கணம் எங்கே நின்றோம் என்ற நினைவு கிடையாது. 40ஆவது ஃபிரேமில் ஓலை இடப்பக்கம் 8 பாகை சாய்ந்திருந்தால், 41ஆவதில் வலப்பக்கம் 7 பாகைக்குப் போய்விடலாம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது 0.04 நொடி. அந்த நேரத்துக்குள் பனையோலை 15 பாகை திரும்பாது, அதற்குப் பாரம் இருக்கிறது. சைன் வளையிக்கு நினைவு அளவுக்கு மேல் கூடிப்போகிறது. அடுத்த ஆட்டம் முந்தியதன் அச்சு. மூன்றாவது ஆட்டத்திலேயே பார்ப்பவரின் கண் அதைப் பிடித்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது, அடுத்த ஃபிரேம் வரைக்கும் நினைவு வைத்திருந்து, சில நொடி போனதும் மறந்துவிடுகிற ஒரு வளையி. அதற்குத்தான் நொய்ஸ் என்று பெயர். (இரைச்சல் என்று எழுதினால் காதில் விழும் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் நொய்ஸ் என்றே எழுதுகிறேன்.)

கணக்குக்குப் போகுமுன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஓலைக்கு ஒரு நொய்ஸ், சேலைத் தலைப்புக்கு ஒரு நொய்ஸ், பயிருக்கு ஒரு நொய்ஸ் என்று தனித்தனியாகப் போடாதீர்கள். காற்றுக்கு ஒரு நொய்ஸ் செய்யுங்கள். மற்றதெல்லாம் அந்தக் காற்றை வாசிக்கட்டும். நான் பார்த்த மாணவர் படங்களில் பெரும்பாலானவை தவறிய இடம் இதுதான். ஒவ்வொரு மரமும் தனித்தனியாக அழகாக ஆடும், ஆனால் முழுக்காட்சியில் காற்றே இருக்காது.

இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் கென் பெர்லின் (நகரத்தின் பெயரல்ல, மனிதரின் பெயர்). 1982இல் வெளிவந்த 'ட்ரான்' படத்துக்குக் கணினிக் காட்சிகள் செய்த மாகி நிறுவனத்தில் வேலை செய்தவர். கணினியில் பிறந்த உருவங்கள் எல்லாம் வழவழவென்று இயந்திரத்தனமாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1983இல் இதை உருவாக்கி, 1985இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் கட்டுரையாகக் கொடுத்தார். 1997இல் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி இதற்காக அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது. அவர் முதலில் செய்தது சலவைக்கல், மேகம் போன்ற மேற்பரப்புகளுக்காக. அதே சார்பை (ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு எண்ணைத் தரும் கணக்கை) நேரத்தின் வழியே வாசித்தால் நமக்கு வேண்டிய வளையி வந்துவிடும்.

சரி, அது வேலை செய்யும் விதம். உயர்தரத்தில் கணிதம் படித்திருந்தால் பத்து நிமிட வேலை, படிக்காவிட்டாலும் பிடிபடும். நேரக்கோட்டில் 0, 1, 2, 3 என்று நிறைவெண் புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு எழுமாற்று எண்ணைப் போட்டு, இடையை வளைவாக நிரப்பினால் கிடைப்பது எளிய வகை. பெர்லின் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் பெறுமானம் பூச்சியம். எழுமாற்றாக வருவது அந்தப் புள்ளியில் வளையியின் படித்திறன், அதாவது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வாகக் கிளம்புகிறது என்பது. இரண்டு புள்ளிகளின் சாய்கோடுகளையும் இடையில் மெல்ல மெல்லக் கலக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். புள்ளி 4இல் படித்திறன் 0.8, புள்ளி 5இல் −0.6 என்று வைப்போம். 4.25இல் என்ன வரும்? இடப்பக்கக் கோடு சொல்வது 0.8 × 0.25 = 0.2. வலப்பக்கக் கோடு சொல்வது −0.6 × (−0.75) = 0.45. எதை எவ்வளவு நம்புவது? அதற்கு ஒரு கலப்புச் சார்பு இருக்கிறது. 4இலிருந்து வந்த தூரத்தை 'த' என்போம்: 6த⁵ − 15த⁴ + 10த³. த = 0.25 என்றால் இது சுமார் 0.104. ஆக 0.2இலிருந்து 0.45ஐ நோக்கி அந்தப் பங்கு மட்டும் நகர்கிறோம், விடை ஏறத்தாழ 0.226. நடுவில், 4.5இல், 0.4க்கும் 0.3க்கும் சரிபாதியாக 0.35. புள்ளி 5க்கு வரும்போது மறுபடியும் பூச்சியம்.

1985இல் கலப்புச் சார்பு 3த² − 2த³ ஆக இருந்தது. 2002இல் பெர்லினே அதை மேலே சொன்னதாக மாற்றினார். பழையதில் முதல் பெறுதி (மாறும் வீதம்) தொடர்ச்சியாக வரும், இரண்டாம் பெறுதி புள்ளிக்குப் புள்ளி துள்ளும். இரண்டாம் பெறுதி என்றால் நமக்கு ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம். மெல்ல நகரும் கமராவுக்கு நொய்ஸ் போட்டவர்கள் அந்தத் துள்ளலை உணர்ந்திருப்பார்கள். பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் எங்கோ உதைக்கிறது என்று படும். நீங்களே எழுதினால் புதியதையே போடுங்கள்.

இந்த அமைப்பில் ஒரு பொறி உண்டு. நிறைவெண் புள்ளிகளில் விடை எப்போதும் பூச்சியம் என்றேன் அல்லவா? ஃபிரேம் எண்ணை அப்படியே சார்புக்குள் கொடுத்தால் ஃபிரேம்கள் எல்லாம் நிறைவெண்கள். பூச்சியத்தைத் தவிர வேறொன்றும் வராது. "நொய்ஸ் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இதுதான். ஃபிரேம் எண்ணை 25ஆல் வகுத்து நொடியாக்குங்கள், பிறகு எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி வேண்டுமோ அதால் வகுங்கள். வீச்சத்தையும், அதாவது அசைவின் அளவையும், கவனியுங்கள்: படித்திறன்கள் −1க்கும் 1க்கும் இடையில் இருந்தால் ஒற்றைப் பரிமாணத்தில் விடை ±0.5ஐத் தாண்டாது. அசைவு குறைவாகத் தெரிந்தால் பயப்படாமல் இரண்டால் பெருக்குங்கள்.

ஒரு வளையி மட்டும் போதாது என்பதைப் பனையே காட்டும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதத்தில் ஒரு பனையை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். அடிமரம் கிட்டத்தட்ட அசையாது. உச்சியில் வட்டுப்பக்கம் மட்டும் மிக மெதுவாகப் போய்வரும். மட்டை அதைவிடக் கொஞ்சம் வேகம். ஓலையின் நுனிகள் படபடக்கும். தொங்குகிற காவோலை காய்ந்து பாரமில்லாமல் இருப்பதால், பச்சை ஓலை அசையாத காற்றுக்கும் அது சரசரக்கும். ஒரே காற்றின் பல மீடிறன்களை (நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது) மரத்தின் ஒவ்வொரு பாகமும் தன் பாரத்துக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்கிறது.

நொய்ஸில் இதை ஆக்டேவ் என்கிறார்கள். முதல் வளையிக்கு நான்கு நொடிக்கு ஒரு புள்ளி, வீச்சம் 1. அடுத்தது இரட்டிப்பு மீடிறன், பாதி வீச்சம். இப்படி ஐந்து வைத்தால் வீச்சங்கள் 1, 0.5, 0.25, 0.125, 0.0625, கூட்டினால் ஏறத்தாழ 1.94. அதால் வகுத்துவிட்டால் எத்தனை ஆக்டேவ் சேர்த்தாலும் மொத்த அசைவு எல்லை மீறாது. வழக்கமாக ஐந்தையும் கூட்டி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு: அடிமரத்துக்கு முதலாவது மட்டும், மட்டைக்கு முதல் மூன்று, ஓலை நுனிக்கு ஐந்தும். காவோலைக்கு ஐந்தையும் கொடுத்து, கடைசி இரண்டின் வீச்சத்தை இரண்டு மடங்காக்குங்கள். மரத்துக்கு உடனே பாரம் வந்துவிடும்.

ஆக்டேவைச் சரியாக 2ஆல் பெருக்கினால் முதல் வளையியின் பூச்சியப் புள்ளிகளில் மற்றவையும் பூச்சியமாகும். நான்கு நொடிக்கு ஒருமுறை மரம் முழுவதும் ஓய்வுநிலைக்கு வந்து போகும். 2க்குப் பதில் 1.9 அல்லது 2.1 போடலாம், அல்லது ஒவ்வொரு ஆக்டேவையும் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கலாம். நான் இரண்டையும் செய்கிறேன். மேல் எல்லையும் உண்டு: 25 ஃபிரேமில் நொடிக்கு 12.5 தடவைக்கு மேல் நடக்கும் எதையும் காட்ட முடியாது. அதற்குக் கிட்டப் போனாலே அசைவு திரும்பவும் நடுக்கமாகிவிடும். ஐந்தாவது ஆக்டேவ் நொடிக்கு நான்கு புள்ளியில் நிற்கிறது. அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொரு நன்மை, இங்கே வேலை செய்யும் நமக்கு மிகவும் தேவையானது. எழுமாற்று எண் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும். நொய்ஸ் ஒரு சார்பு: 8.48 என்று கொடுத்தால் இன்றைக்கும் நாளைக்கும் வேறு கணினியிலும் ஒரே விடைதான். உள்ளே 256 எண்களைக் குலுக்கி வைத்த ஒரு அட்டவணை இருக்கிறது, புள்ளியின் இலக்கத்தைக் கொண்டு அதிலிருந்துதான் படித்திறன் எடுக்கப்படுகிறது. இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. முன்பு ஒரு சின்ன வேலைக்கு விதையெண் (அதே எண்கள் திரும்பவும் வரும்படி தொடக்கத்தில் கொடுக்கும் எண்) இல்லாத எழுமாற்றை வைத்துப் புல் அசைத்திருந்தேன். 212ஆவது ஃபிரேமில் கரண்ட் போய்விட்டது. திரும்பத் தொடங்கி மீதியை எடுத்து ஒட்டினால், சரியாக அந்த இடத்தில் புல் முழுவதும் ஒரு துள்ளல். அந்த இரவு தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். நொய்ஸாக இருந்திருந்தால் 212இலிருந்து அப்படியே தொடர்ந்திருக்கலாம், இரண்டு கணினியில் பாதிப்பாதியாகவும் எடுத்திருக்கலாம்.

இனி காற்று. உங்கள் காட்சி கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்து எடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது: குளம் தெற்கே, கட்டு வடக்கு முனையில், அதற்கும் வடக்கே வயல்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். அப்படியென்றால் காற்றின் ஒரு வீச்சு முதலில் குளத்துத் தண்ணீரைச் சிலிர்க்க வைக்கும். பிறகு அம்மம்மாவின் சேலைத் தலைப்பு, பிறகு பனைகள், அதன் பிறகு வயலில் ஓடும் அந்தக் கருமை. இந்த வரிசை பிழைத்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், வயற்கரையில் வளர்ந்த எவருக்கும் உறுத்தும். வயலில் ஓடும் அந்த அலைக்கு ஜப்பானியர் 'ஹோனாமி' என்று ஒரு தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நெல் விளைகிற நாடு அல்லவா.

கணக்கு எளிது. காற்று நொடிக்கு 6 மீற்றர் என்று வையுங்கள். கட்டில் இருக்கும் அம்மம்மா இப்போதைய நொய்ஸை வாசிக்கிறா. 30 மீற்றர் தள்ளி நிற்கும் பனை 5 நொடிக்கு முந்திய நொய்ஸை வாசிக்க வேண்டும். 150 மீற்றரில் இருக்கும் வரம்போரப் பயிர் 25 நொடிக்கு முந்தியதை. அதாவது ஒவ்வொரு பொருளும் சார்புக்குக் கொடுப்பது, நேரத்திலிருந்து தூரம் வகுத்தல் வேகத்தைக் கழித்த எண். காற்றின் சுழிப்புகள் உறைந்துபோன ஒரு படமாகத் தங்களைத் தாண்டி நகர்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கில அறிஞர் 1938இல் முன்வைத்த எடுகோள். காற்றியல்காரர் இன்னமும் அதைப் பயன்படுத்துகிறார்கள், நமக்கு அது தாராளமாகப் போதும்.

அப்படியே விட்டால் ஒரு குறை இருக்கும்: கட்டில் வந்த அதே வீச்சு, உருவம் கொஞ்சமும் மாறாமல் வயலின் கடைசிவரை போகும். இரு பரிமாண நொய்ஸை எடுத்து, ஒரு அச்சில் மேலே சொன்ன கழித்த எண்ணையும் மற்ற அச்சில் மிக மெதுவாக ஓடும் நேரத்தையும் கொடுங்கள், பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு புள்ளி போதும். வீச்சு போகப்போகக் கரைந்து இன்னொன்றாக மாறும். வயலின் அகலத்துக்கும் வேறுபாடு வேண்டுமென்றால் மூன்றாவது பரிமாணம்.

நொய்ஸ் பூச்சியத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு போகும். காற்று அப்படி இல்லை. சோளகத்தில் பனை காற்றுப்போகும் பக்கமே சாய்ந்து நின்று, அந்தச் சாய்வைச் சுற்றித்தான் ஆடும். அதனால் நொய்ஸோடு சராசரி வேகம் ஒன்றைக் கூட்டுங்கள். காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், கூட்டியதை வர்க்கமாக்குங்கள். சராசரி 1, நொய்ஸ் ±0.5 என்றால் விசை 0.25க்கும் 2.25க்கும் இடையில் போகும். அமைதியான நேரம் நீளும், வீச்சு வரும்போது கூர்மையாக வரும். இந்த ஒரு வர்க்கத்தால் காட்சி மாறுவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தனித்தனி விதையெண் எங்கேயும் கூடாது என்று சொல்லவில்லை. காரணம் வேறாக இருக்கும் இடத்தில் விதையும் வேறாக இருக்க வேண்டும். கையில் பிடித்த கமராவின் மேல்கீழ், இடம்வலம், சரிவு மூன்றுக்கும் ஒரே வளையி கொடுத்தால் கமரா ஒரு மூலைவிட்டத்தில் மட்டும் ஆடும்.

அம்மம்மாவுக்கு வருவோம். பெர்லினும் அவருடைய கூட்டாளிகளும் 90களில் பாத்திரங்கள் சும்மா நிற்கும்போது உயிருள்ளவர்களாகத் தெரிவதற்கு நொய்ஸைப் பயன்படுத்தினார்கள். தலைக்கும் தோளுக்கும் மெல்லியதாக ஒரு ஆக்டேவ் கொடுங்கள், ஓரிரு பாகைக்கு மேல் வேண்டாம். கண் சிமிட்டலுக்கு நொய்ஸ் வேண்டாம். சிமிட்டல் ஒரு நிகழ்ச்சி, கையால் வையுங்கள், பார்வை திரும்பும் இடங்களில் வையுங்கள். மூச்சு வேறு வகை. அது தாளம் உள்ளது, நிமிடத்துக்கு 15 அளவில், ஆனால் அந்தத் தாளம் கொஞ்சம் இளகியது. ஆகவே சைன் வளையியை வைத்து, அதன் மீடிறனில் நொய்ஸைப் போடுங்கள். இங்கே ஒரு பிழை வரும்: மாறும் மீடிறனை நேரத்தால் பெருக்கினால் படம் போகப்போக மூச்சு தாறுமாறாகத் துள்ளும், ஏனென்றால் மீடிறனில் வரும் சின்ன மாற்றத்தையும் ஓடி முடிந்த முழு நேரமும் பெருக்கிவிடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மீடிறன் × 0.04ஐக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் கூட்டுத்தொகையை சைனின் அவத்தையாக (சுற்றில் எங்கே நிற்கிறது என்பது) கொடுக்க வேண்டும்.

குப்பி விளக்கின் சுடர் பெரும்பாலும் நிமிர்ந்துதான் நிற்கும், அவ்வப்போது காற்றுப் பட்டு ஒரு தாழ்வு தாழ்ந்து எழும்பும். நொய்ஸை அப்படியே வெளிச்சத்தில் போட்டால் பழுதான டியூப்லைட் மாதிரித் தெரியும். ஒரு எல்லையை வைத்து, நொய்ஸ் அதற்குக் கீழே போகும்போது மட்டும் வெளிச்சத்தைக் குறையுங்கள். சுடரின் சாய்வும், வெளிச்சத்தின் அளவும், சுவரில் நிழல் நகர்வதும் ஒரே வளையியிலிருந்து வர வேண்டும். படலைப்பக்கம் மரம் அசைகிற நொடிக்குப் பிறகு சுடர் சாய்ந்தால் இன்னும் நல்லது. வெளியில் அடித்த காற்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பார்ப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

பிளெண்டரில் செய்யும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசைய வேண்டிய அச்சில் ஒரு கீஃபிரேமாவது போட்டால்தான் வளையி உருவாகும். கிராஃப் எடிட்டரின் பக்கப்பலகையில் மாடிஃபயர்ஸ் என்ற பகுதியில் நொய்ஸைச் சேருங்கள். ஸ்கேல் கூடக்கூட அசைவு மெதுவாகும், ஸ்ட்ரெங்த் வீச்சம், டெப்த் கூடக்கூட ஆக்டேவ் கூடும், ஃபேஸ் விதையெண் மாதிரி. சுழற்சிக்குப் போடும்போது ஸ்ட்ரெங்த் ரேடியனில் போகிறது என்பதை மறக்காதீர்கள், 0.1 என்றால் சுமார் 5.7 பாகை. பத்துப் பாகை வேண்டுமென்று 10 என்று அடித்தால் ஓலை காற்றாடி மாதிரிச் சுழலும். ஆனால் இந்த மாடிஃபயர் ஒவ்வொரு வளையிக்கும் தனி. தூரத்தைக் கழிக்கும் ஒற்றைக் காற்றுக்கு, பனைகளில் டிரைவர் (ஒரு பெறுமானத்தைக் கணக்கிட்டுத் தரும் சிறு கோவை) எழுதி அதற்குள் பைதானின் நொய்ஸ் சார்பை அழையுங்கள். வயலுக்கு ஜியோமெட்ரி நோட்ஸில் நொய்ஸ் டெக்ஸ்ச்சரை 4டி ஆக்கி, இடத்தைக் காற்றின் திசையில் நகர்த்தி, நான்காவது எண்ணை மெதுவான நேரமாக வையுங்கள். வேகமும் புள்ளி இடைவெளியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

முகப்பில் நான்கு நொடிக் காட்சி ஒன்று திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இரு பரிமாண நொய்ஸில் நேர்கோட்டில் போகாமல் ஒரு வட்டத்தில் சுற்றி வாருங்கள், முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். நொடிக்கு ஒரு புள்ளி வேண்டுமென்றால் வட்டத்தின் சுற்றளவு 4, ஆரை ஏறத்தாழ 0.64.

எண்களைப் பொறுத்தவரை, நான் சொன்ன 6 மீற்றரையும் நான்கு நொடியையும் கடைசி முடிவாக எடுக்க வேண்டாம். சிறுபோகப் பயிர் நிற்கும்போது ஒரு பின்னேரம் வட்டக்கச்சிப் பக்கமோ முரசுமோட்டைப் பக்கமோ போய், கட்டு மாதிரி உயர்ந்த இடத்திலிருந்து தொலைபேசியில் இரண்டு நிமிடம் வயலை எடுங்கள், கையை அசைக்காமல். இரண்டு வரம்புகளுக்கு இடையிலான தூரத்தை நடந்து அளந்து வையுங்கள். வீட்டுக்கு வந்து, ஒரு வீச்சு முதல் வரம்பிலிருந்து அடுத்த வரம்புக்குப் போக எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் வேகம் கிடைக்கும். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணி, அதில் பாதியை முதல் ஆக்டேவின் புள்ளி இடைவெளியாக வைத்துத் தொடங்குங்கள். தொலைபேசி நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்திருக்கும், உங்கள் படம் 25இல் ஓடுகிறது. நொடியாக மாற்றிய பிறகுதான் எண்ணைப் போட வேண்டும்.